குவியாடி குவிப்பதில்லை

ஜூன் 10, செவ்வாய்

இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனை வருடமாக நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் தட்டைக் கண்ணாடிதான் இருந்தது. பின்னால் வருவது லாரியா, மாட்டு வண்டியா, மச்சினனா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். கோடை விடுமுறையில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். வயிறு தள்ளிய கண்ணாடி. ரோடு, புளியமரம், வானம், கடைத்தெரு எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இது இன்னது என்று ஒன்றைக்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வண்டிக்கு இதை எவன் கண்டுபிடித்தான்?

லாரி ஓட்டிய காலத்திலிருந்து எனக்கு டைரி எழுதும் பழக்கம். அப்போது டயரையும் டோல்கேட்டையும் திட்டி எழுதுவேன். இந்த வருடம் கண்ணாடியைத் திட்டியே பக்கம் தீரும் போலிருக்கிறது. உரக்கடையில் ஓசியில் கொடுத்த டைரி இது. கோடுகளை வெளிறிப்போய் அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து மேலும் கீழும் ஓடுகிறது. ஓசி என்றால் இவ்வளவு கேவலமாகவா?

ஜூன் 12, வியாழன்

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் வாசலில் வாளியை வைத்திருக்கிறாள். இடது முழங்காலில் நல்ல அடி.

"பட்டப்பகல்ல வாளி தெரியலையா உங்களுக்கு?" என்கிறாள்.

"நடக்குற வழியில வாளிய வச்சுப்புட்டு என்னையக் கேளு."

"அது எப்பவும் இருக்குற எடந்தான? கண்ணு டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்கன்னா கேக்குறீங்களா?"

மே மாதம்தான் டிரைவர்களுக்குக் கண் முகாம் வைத்தார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார்கள். கடகடவென்று படித்துவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் நின்ற டிரைவர் தொண்டை கிழியப் படித்ததால் எழுத்தெல்லாம் காதிலேயே நின்றுவிட்டது, போர்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை. "பாஸ்" என்று சீட்டு கொடுத்தார்கள். அதை எடுத்துக் காட்டினேன். அவள் மல்லிகைப்பூவைக் கட்ட உட்கார்ந்துவிட்டாள். நிலக்கோட்டைச் சந்தைப் பூ. கை பாட்டுக்குக் கட்டுகிறது, வாய் உம்மென்று இருக்கிறது. திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

ஜூன் 13, வெள்ளி

மழை. கண்ணாடி மேல் தண்ணீர் வழிந்து, தெரிந்த கொஞ்சமும் போச்சு.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் செக்கடி நிறுத்தத்தில் பிள்ளைகளை இறக்கினோம். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா மரியபுஷ்பம் கீழே இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகத் தாய்மார் கையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ரோடு இருந்தது, சுவர் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கியரைப் போட்டு கிளட்சை விட்டேன்.

"நிப்பாட்டுங்கண்ணே! புள்ள! புள்ள!"

மரியபுஷ்பம் பஸ்ஸை இரண்டு கையாலும் அறைந்த சத்தம் என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கும். இறங்கி ஓடினேன். இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் யுகேஜி ஜோஷிகா குந்தி உட்கார்ந்திருக்கிறது. கையில் தின்பண்ட டப்பா.

"அங்கிள், மூடி உள்ள போயிருச்சு" என்கிறது என்னிடம்.

நான் குனிந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணாடியில பாக்கலையாண்ணே?" என்றாள் மரியபுஷ்பம். அழுதுகொண்டிருந்தாள். "மஞ்ச ரிப்பன் கட்டுன புள்ளண்ணே. எனக்கு அம்புட்டுத் தூரத்துல இருந்து பளிச்சுனு தெரியுதே."

"கண்ணாடி காட்டுனாத்தான பாக்குறதுக்கு?" என்று கத்தினேன். பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கண்ணாடிதான். வேறு என்ன? பழைய கண்ணாடி இருந்தவரை இப்படி ஒரு தடவை நடந்திருக்கிறதா?

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி மேலாளர் பால்ராஜ் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இன்று நாற்காலியில் உட்காரச் சொன்னதிலேயே விஷயம் பெரிசு என்று தெரிந்துவிட்டது.

"கண்ணாடி மேல தப்புன்னா, என்ன தப்புன்னு எழுதிக் குடுங்கண்ணே. நான் மாத்தித் தர்றேன். தப்பு கண்ணாடியில இல்லேன்னா கண்ணாஸ்பத்திரிக்குப் போயி ஒழுங்கா ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அடுத்த வாரத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு. இல்லாட்டி சாவிய நான் வாங்கிருவேன். தப்பா நினைக்காதீங்க. பிள்ளைங்க விசயம்."

அதுவரைக்கும் மரியபுஷ்பம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியைச் சுற்றி வந்து, முன்னால் நின்று கை காட்டிய பிறகுதான் நகர்த்த வேண்டுமாம். நேற்று லைசென்ஸ் எடுத்தவனைப் போல என்னை ஆக்கிவிட்டார்கள்.

சாப்பிடும்போது பஞ்சவர்ணம் "ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்துருங்களேன்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சாவிய வாங்கிட்டா அன்னைக்கே என்னையச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருங்கடி, அதுக்கப்புறம் நான் எதுக்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மகள் கனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிற பிள்ளை, பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டாள். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு கத்தியிருக்க வேண்டாம்.

ஜூன் 18, புதன்

எழுதிக் கொடு என்றால் எழுதத் தெரியாதா எனக்கு? பரணிலிருந்து கனியின் போன வருட அறிவியல் புத்தகத்தை இறக்கினேன். ஒளி என்று ஒரு பாடம் இருக்கிறது. எழுத்தைப் பொடிப்பொடியாகப் போட்டிருக்கிறார்கள், வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. வளைந்த கண்ணாடியில் இரண்டு சாதியாம். ஒன்று குழியாடி, இன்னொன்று குவியாடி.

பேரைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. குவியாடி என்றால் குவிக்கும் ஆடி. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துப் பெரிசாகக் காட்டும். நம் பஸ்ஸில் இருப்பது எல்லாவற்றையும் சிதறடிக்கிறது. ஆகவே அது குழியாடி. குழியில் தள்ளுகிற ஆடி. எடுத்தேன் வெள்ளைத் தாளை: "ஐயா, பேருந்தின் இடதுபுறம் தவறுதலாகப் பொருத்தப்பட்டுள்ள குழியாடியை அகற்றி, குவியாடி பொருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ம. ராசாங்கம், ஓட்டுநர்."

பால்ராஜ் படித்தார். திரும்பவும் படித்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, நான் பிஎஸ்ஸி பிசிக்ஸ். இப்ப இருக்கிறதே குவியாடிதாண்ணே."

"அது எங்க சார் குவிக்குது? விரிச்சுல்ல அடிக்குது?"

"குவியாடி விரிக்கத்தாண்ணே செய்யும். குழியாடிதான் குவிக்கும்."

ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்கூடச் சிரித்துவிட்டது. காது வரைக்கும் சூடேறி வெளியே வந்தேன். குவியாடி குவிக்காதாம், குழியாடி குவிக்குமாம். பேர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

ஜூன் 19, வியாழன்

கனியிடம் கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அது செய்யிற வேலைய வச்சு வச்ச பேர் இல்ல. உருவத்த வச்சு வச்சது. களத்துல நெல்லக் குவிச்சா எப்படி மேல புடைச்சுக்கிட்டு நிக்கும்? அப்படி நம்மளப் பாத்துப் புடைச்சிருந்தா குவியாடி. குழி விழுந்திருந்தா குழியாடி. அவ்வளவுதான்."

"சரி, அது ஏன் சின்னதாக் காட்டுது?"

"வெளிச்சத்த விரிச்சு விடுறதால. அதுக்குத்தான் உருப்பெருக்கம்னு ஒரு கணக்கு இருக்கு."

"சின்னதாக்குறதுக்குப் பெருக்கமா பேரு?"

"ஒண்ணவிட அதிகமா வந்தா பெருசு. ஒண்ணவிடக் கம்மியா வந்தா சின்னது. ரெண்டுக்கும் ஒரே பேர்தான்ப்பா. பிம்பத்தோட உயரத்தப் பொருளோட உயரத்தால வகுத்தா வந்துரும்."

இதற்கு மேல் அந்தச் சூத்திரத்தில் மைனஸ் வேறு வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பிள்ளையின் தூரத்துக்கு மைனஸ் போட வேண்டுமாம். தூரத்துக்கு ஏது மைனஸ்? நான் வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு மைனஸ் கிலோமீட்டரா ஓட்டினேன்? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக் கட்டில் மேல் எறிந்தேன். அவள் பொறுமையாக எடுத்து, மடங்கிய தாளை நீவிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

"சின்னதாக் காட்டுனாத்தான்ப்பா நிறையக் காட்ட முடியும். அம்மா நெருக்கிக் கட்டுனா அதே ஒரு மொழத்துல எவ்வளவு பூ புடிக்குது? அது மாதிரி அந்தக் கண்ணாடிக்குள்ள வண்டியோட பக்கம் பூராவும் அடங்கணும். தட்டைக் கண்ணாடியில ஒரு ஓரந்தான் தெரியும்."

பூ கட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க அப்பனுக்கு இப்பிடிச் சொன்னா வெளங்கும்" என்றாள்.

விளங்கத்தான் செய்தது. ஆனால் நிறையக் காட்டி என்ன பிரயோசனம், இருக்கிறதே தெரியாவிட்டால்?

ஜூன் 20, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. விறகடுப்பில் சமையல். புகை. ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி வட்டமாகக் கலர் கலராகத் தெரிகிறது. புகையால் இருக்கும்.

ஜூன் 21, சனி

குழியாடிதான் குவிக்கும் என்று பிஎஸ்ஸி பிசிக்ஸே சொல்லியாச்சு. குவித்தால் பெரிசாகத்தானே காட்டும், பிறகு நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? பேன்சி ஸ்டோரில் போய், முகத்தைப் பெரிசாகக் காட்டுகிற கண்ணாடி ஒன்று கேட்டேன். கடைக்காரப் பெண், "அக்காவுக்கா அண்ணே?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் என் மீசை துடைப்பம் மாதிரி தெரிகிறது. ஆகா, ஆள் கிடைத்தான் என்று நினைத்தேன்.

இன்று பள்ளி அரை நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, இடது பக்கக் கம்பியில் அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வானம் கீழே கிடக்கிறது. மண் மேலே தொங்குகிறது. நடுவில் என்னமோ நிறமாக அசைகிறது. ஒன்றும் புரியாமல் மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவள் பார்த்த மாத்திரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஐயோ அண்ணே, வாட்ச்மேன் தலைகீழா நடந்து வர்றாருண்ணே! பாவம், வேட்டிய இறுக்கிக் கட்டச் சொல்லுங்க!"

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் சிரித்துப் பேசியது இன்றுதான். அதனால் திட்டவும் முடியவில்லை. கழற்றி எடுத்து வந்துவிட்டேன்.

கனியிடம் சொன்னேன். பக்கத்தில் வைத்தால்தான் அது பெரிசாக்குமாம். தூரத்தில் இருப்பதைக் கவிழ்த்துப் போட்டுவிடுமாம். புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறதாம். அடுத்த பக்கத்தை யார் படித்தார்கள்?

பஞ்சவர்ணத்திடம் கண்ணாடியைக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு, "கருமம், இத எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க?" என்று திருப்பி வைத்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

கனியைக் கூட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனேன். சும்மா வாயால் சொன்னால் பால்ராஜ் நம்ப மாட்டார், அளந்து கணக்குப் போட்டுக் கொடுத்தால் நம்புவார் என்று அவளே சொல்லியிருந்தாள். டேப்பும், ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிய குச்சியும் கொண்டுவந்தாள். யுகேஜி பிள்ளை ஏறக்குறைய அந்த உயரம்தானாம்.

முதலில் கண்ணாடியின் முதுகைத் துடைத்தேன். ஏதோ கீறல் விழுந்திருக்கிறது என்றேன். அவள் எட்டிப் பார்த்து, "கீறல் இல்லப்பா. ஆர் ஆயிரத்து எரநூறுன்னு அச்சு அடிச்சிருக்கு. வளைவு ஆரம். மில்லிமீட்டர்ல" என்றாள். அதில் பாதி குவியத் தொலைவு. அதாவது அறுபது சென்டிமீட்டர். அதை வைத்துத்தான் மொத்தக் கணக்குமாம்.

நான் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் கண்ணாடியிலிருந்து இருநூற்று நாற்பது சென்டிமீட்டர் பின்னால் டேப் வைத்துக் கோடு போட்டு நின்றுகொண்டாள்.

"எத்தனை வெரல்னு சொல்லுங்கப்பா."

விரலா? நான் கையையே தேடிக்கொண்டிருந்தேன்.

"தெரியல."

"இப்ப?"

"அதேதான். இந்தக் கண்ணாடியில ஒரு மண்ணும் தெரியாது பாப்பா, நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?"

அவள் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு மெதுவாக வந்து, "இப்ப நீங்க போயி நில்லுங்கப்பா, நான் உக்காந்து பாக்குறேன்" என்றாள். நான் போய்க் கோட்டில் நின்று குச்சியைப் பிடித்தேன். இன்னொரு கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினேன்.

"எத்தனைடா?"

சத்தமே இல்லை.

"கனி! எத்தனைன்னு கேக்குறேன்ல?"

"தெரியலப்பா" என்றாள். "ரொம்பச் சின்னதா இருக்கு. ஒண்ணும் தெரியல."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பதினைந்து வயதுக் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் பிறகு என்ன? அவள் இறங்கி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். உருப்பெருக்கம் இருபதில் ஒரு பங்கு என்றாள். ஒரு மீட்டர் பிள்ளை ஐந்து சென்டிமீட்டராகத்தான் தெரியும். தீப்பெட்டி அளவு! இதை வைத்துக்கொண்டு எவன் பஸ் ஓட்டுவான்?

வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். தலைவலி என்று சாப்பிடவில்லை. வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஜூன் 24, செவ்வாய்

விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் பால்ராஜ் வழிமுறை எங்கே என்று கேட்பார். பிசிக்ஸ்காரர் ஆச்சே. போன தடவை பட்ட அவமானம் போதும். வழிமுறையை நானே முழுசாக எழுதிக் கொடுத்து அவர் வாயை அடைக்க வேண்டும் என்று மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டிலேயே புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கனி சொன்ன மாதிரியே படிப்படியாகப் போட்டேன்.

குவியத் தொலைவு அறுபது. பிள்ளை நிற்கிற தூரம் இருநூற்று நாற்பது, அதற்கு மைனஸ். அந்தப் பாழாய்ப்போன மைனஸை இரண்டு இடத்தில் போட்டு, இரண்டும் அடிபட்டுப்போய், பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் நாற்பத்தெட்டில் விழுகிறது. நாற்பத்தெட்டை இருநூற்று நாற்பதால் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு.

இருபது வரவில்லை.

அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஐந்து. மைனஸை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அது என்னவோ விளங்காத இடத்துக்குப் போனது. புத்தகத்தில் இருக்கிற மாதிரி சூத்திரத்தைத் திரும்ப எழுதிப் போட்டேன். மறுபடியும் ஐந்துதான். ஒரு மீட்டர் பிள்ளை இருபது சென்டிமீட்டர். தீப்பெட்டி எங்கே, இருபது சென்டிமீட்டர் எங்கே? எட்டாவதில் பள்ளியை விட்ட மண்டை, வேறு எப்படி இருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கனியிடம் கேட்டேன். புத்தகத்தைப் பார்க்காமலே, "அது வேற முறைப்பா, உங்களுக்குப் புரியாது" என்றாள்.

போன வாரம் முழுக்கப் புரிகிறவரை விடமாட்டேன் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. இன்று புரியாது என்கிறாள்.

ஜூன் 25, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருடப் பரீட்சைத் தாள்களைப் பஞ்சவர்ணம் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாள். அறிவியல் தாளை எடுத்தேன். இதே மாதிரி கணக்கு, குவியாடிதான், எண் மட்டும் வேறு. முழு மதிப்பெண். பக்கத்தில் ஆசிரியர் மிக நன்று என்று எழுதியிருக்கிறார். எழுத்து எனக்குத் தெரியவில்லை. பஞ்சவர்ணம்தான் படித்துச் சொன்னாள்.

கனி பள்ளியிலிருந்து வந்தாள். காப்பி குடிக்கும்வரை பொறுத்தேன். நான் போட்ட கணக்கை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல எங்க தப்பு இருக்கு, சொல்லு."

பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அந்தக் கணக்கில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை.

"தப்பு இல்லப்பா."

"அப்ப அஞ்சுல ஒண்ணுதான?"

"ஆமா."

"இருபதுன்னு ஏன்டா சொன்ன?"

அவளுக்குக் கண்ணீர் சொட்டியது. பஞ்சவர்ணம் பூவை அப்படியே மடியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் கேட்டேன்.

"அன்னைக்கு நான் எத்தனை வெரல் காட்டுனேன்?"

"மூணு."

"தெரிஞ்சுச்சா?"

"நல்லாத் தெரிஞ்சுச்சுப்பா. உங்க மோதிரம்கூடத் தெரிஞ்சுச்சு." விக்கி விக்கிச் சொன்னாள். "நீங்கதான் சொன்னீங்கல்ல, சாவிய வாங்கிட்டா அன்னைக்கே என்னையச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருங்கன்னு. எனக்குப் பயமா இருந்துச்சுப்பா. கண்ணாடி மேல தப்புன்னு சொல்லிட்டா மாத்திருவாங்க, நீங்க ஓட்டுவீங்கன்னு..."

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நான் தூங்கப் போய்விட்டேன். இந்தப் பிள்ளை அதைத் தூக்கிச் சுமந்துகொண்டு, கணக்கைப் பொய்யாகப் போட்டு, பரோட்டா தின்ன முடியாமல் என் பக்கத்தில் நடந்து வந்திருக்கிறது.

"அப்பா எங்கயும் போக மாட்டேன்டா. வாய்க்கொழுப்பு. அவ்வளவுதான்" என்றேன்.

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

கண்ணாடி வெறும் ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறைத்திருக்கிறது. மரியபுஷ்பத்துக்குத் தெரிகிறது. கனிக்கு மோதிரம் தெரிகிறது. இருபது சென்டிமீட்டர் ஜோஷிகா அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்குள்தான் மஞ்சள் ரிப்பனோடு உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. எத்தனை நாளாக, எத்தனை பிள்ளைகள் அப்படி நின்றார்களோ.

ஜூன் 26, வியாழன்

காலையில் வண்டியை எடுக்கவில்லை. எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கு நடந்து போனேன். பால்ராஜ் அப்போதுதான் ஆபீஸ் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, எழுதிட்டு வந்துட்டீங்களா?"

"எழுதல சார்." சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். "வேற டிரைவருக்குச் சொல்லி விடுங்க. புள்ளைங்க ஸ்டாப்புல வந்து நின்னுரும்."

அவர் உட்காரவில்லை. சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கோவிச்சுக்கிட்டு வந்திருக்கீங்களாண்ணே?"

"இல்ல சார். கண்ணாடியில ஒரு குறையும் இல்ல. என் கண்ணுலதான். ரெண்டுலயும். மே மாசம் முகாம்லயே தெரியல, காதுல கேட்டத ஒப்பிச்சிட்டு வந்துட்டேன்."

அவர் போனை எடுத்து, பழைய டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு உடனே வரச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். தானே கூட்டிக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். என்ன வியாதி, சரியாகுமா ஆகாதா, திரும்ப ஓட்டலாமா கூடாதா, எதுவும் இப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நான் அவ்வளவு சொல்லியும் கேக்கல. திடீர்னு எப்பிடிண்ணே தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"என் மக ஒரு கணக்கத் தப்பாப் போட்டா சார்" என்றேன். "அவ தப்பாப் போடுற புள்ள இல்ல."